வலைக்கணக்கு: சேர்ந்து எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள இராமநாதபுரம் கரையை வைத்துப் பலர் சேர்ந்து எழுதும் கதைத் தொகுதி இது. ஒருவர் ஒரு கதை எழுதுவார், இன்னொருவர் அதில் வந்த ஆளைத் தன் கதையில் நடமாட விடுவார். எல்லாக் கதைகளுக்கும் நடுவில் வலைக்கணக்கு என்ற இரகசிய அமைப்பு இருக்கிறது. அது முழுக்கக் கற்பனை. புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்பதில் முக்கால்வாசி அந்த அமைப்பைப் பற்றித்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறோம்.

வலைக்கணக்கு அப்படி என்னதான் செய்கிறது?

கடலில் இருக்கக் கூடாத ஒன்று வலையில் படுகிறது. மீனவர் வலையை அறுத்து அதை விட்டுவிடுகிறார். அறுத்த வலைக்குப் பணம் கொடுப்பது வலைக்கணக்கு. அதைத் தாண்டி எதுவும் செய்யாது. அந்தப் பொருளைப் பிடிக்காது, அடைத்து வைக்காது, அறுத்துப் பார்க்காது.

இந்த யோசனை கரையில் உண்மையாகவே நடக்கிற ஒன்றிலிருந்து வந்தது. கடல்பசு வலையில் சிக்கினால், அதை உயிரோடு விட்டவருக்கு வனத்துறை பரிசுத்தொகை கொடுக்கிறது. ஆவுளியா என்று கரையில் சொல்லப்படும் அந்தப் பிராணிக்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாகவும் அறிவித்தார்கள். ஒரு பெரிய உயிர் வலைக்குள் புரளும்போது வத்தையில், அதாவது நாட்டுப்படகில், நிற்கிறவர் இரண்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது: உயிரா, கடன் வாங்கி வாங்கிய வலையா. எங்கள் கதைகள் எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

இரகசிய அமைப்பு என்றால் பாதாள அறை, எண் போட்ட கோப்பு, கருப்புக் கண்ணாடி எல்லாம் வேண்டாமா?

வேண்டாம். இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் திகில் கதைகளில் ஒரு வார்ப்பு நிலைபெற்றுவிட்டது. விநோதமான பொருளுக்கு ஒரு எண், அபாய அளவு, அடைத்து வைக்கும் முறை, நடுநடுவே கருப்பு மை பூசிய வரிகள், பலிகொடுக்கக் கைதிகள். நன்றாக வேலை செய்யும் வார்ப்புதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை அப்படியே நம் கரையிலுள்ள மண்டபம் ஊருக்கு எடுத்துவந்து, அதிகாரிக்குத் தமிழ்ப் பெயரும் கையில் பனங்கிழங்கும் கொடுத்தால் அது இராமநாதபுரத்துக் கதை ஆகிவிடாது. அந்த அமைப்புகளிடம் எல்லையில்லாத பணமும் நிலமும் படையும் இருக்கின்றன. இந்தக் கரையில் யாரிடமும் அப்படி எதுவும் கிடையாது. இல்லாதவர்கள் நடத்தும் இரகசியம் வேறு மாதிரி இருக்கும். வலைக்கணக்கின் அடையாளம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு யோசனைக்கு உரிமை கொண்டாட முடியாது. அதை எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. எழுதியவர் வாழ்நாளும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அது செல்லும். எனவே ‘இரகசிய அமைப்பு’ என்ற யோசனை பொதுச்சொத்து. இன்னொருவர் உருவாக்கிய ஆட்கள், வாசகங்கள், சின்னங்கள் அப்படியல்ல. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதாக இருந்தாலும், ‘அதே உரிமத்தில் பகிர்க’ என்ற நிபந்தனை இருந்தால் நாம் எழுதுவதும் அதே உரிமத்தில்தான் போக வேண்டும், மூல ஆசிரியர் பெயரையும் போட வேண்டும். கடன் வாங்காமல் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை.

அமைப்பு எப்போது தொடங்கியது? 1964 புயலிலா?

எல்லோரும் முதலில் கைவைப்பது அந்தத் தேதியில்தான். 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது, பாம்பனிலிருந்து போன ரயில் பயணிகளோடு கடலில் போனது. அதில் பெற்றோரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர்கள் இன்றும் இராமேஸ்வரம் தீவில் வாழ்கிறார்கள். அந்த இரவுக்கு ஒரு மாயக் காரணம் கற்பிக்கும் கதையை நாங்கள் ஏற்பதில்லை. கடலுக்கடியில் எதுவோ விழித்துக்கொண்டது, யாரோ எதையோ திறந்துவிட்டார்கள் என்று எதுவும் வேண்டாம். புயல் புயலாகவே இருக்கட்டும்.

எங்கள் தொடக்கம் அதற்குச் சற்று முந்தியது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ‘கடல்கட்டி’ என்று ஒருவர் இருப்பார். சுறா வாயைத் திறக்காதபடி மந்திரம் ஓதிக் கட்டுவது அவர் வேலை. அவர் கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். ஆகவே மந்திரத்தில் நம்பிக்கையே இல்லாத ஆங்கிலேய அரசும் அவருக்குக் கூலி கொடுத்தது. தமிழ்நாட்டுப் பக்கம் கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதோடு சரி.

இதுவரை சொன்னது வரலாறு, இனிமேல் கற்பனை. முத்துக்குளிப்பு நின்றதும் கடல்கட்டிகளின் கூலியும் நின்றது. ஆனால் அவர்கள் கட்டி வைத்திருந்தது சுறாவை மட்டுமல்ல. கட்டு தளர்ந்ததும் வலைகளில் ஒவ்வொன்றாகப் பட ஆரம்பித்தது. சில சம்மாட்டிகளும் (படகு உடைமையாளர்கள்) கீழக்கரையில் கணக்கெழுதும் ஒருவரும் ஒரு கடல்கட்டியின் மகளும் 1962-ல் கூடிப் பேசி, அறுக்கும் வலைக்கு ஈடு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். இரண்டே ஆண்டில் புயல் வந்து பாதிக் கணக்கேடுகளைக் கொண்டுபோயிற்று. அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்பதை எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இதைக் கேட்பவர் நல்ல கதை எழுதுவார் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை.

கரையில் மீன் ஏலம் போகும்போது கோயிலுக்கு, சர்ச்சுக்கு, பள்ளிவாசலுக்கு என்று ஊர் வழக்கப்படி ஒரு தொகை பிடிப்பார்கள். அதோடு சேர்த்து இன்னொரு சிறு தொகையும் போகிறது என்று எங்கள் கதைகளில் வைத்திருக்கிறோம். யாருக்கு என்று ஏலக்காரர் கேட்க மாட்டார், சொல்லவும் மாட்டார். ஆண்டுக்கு இரண்டு மாதம் அந்த வரவு சுருங்கிவிடும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அப்போது வலைகள் அறுபடுவது நிற்காது, பணம் மட்டும் நிற்கும். தடைக்காலத்தில் நடக்கும் கதைகள் தொகுதியில் இன்னும் குறைவாகவே உள்ளன. மே மாதத்தில் ஈடு கேட்டு வருகிறவரிடம் கணக்கர் என்ன சொல்வார்? யாராவது எழுதுங்கள்.

ஏன் இரகசியம்? நல்ல காரியம்தானே செய்கிறார்கள்?

இரவில் வரும் படகுக்குக் கணக்கில் வராத பணம் கொடுக்கிற ஒரு கூட்டத்தைப் பார்த்தால் போலீஸ் என்ன நினைக்கும்? கடல் அட்டை பிடிக்க 2001 முதல் தடை இருக்கிறது. அதைக் கடத்துவது இந்தக் கரையில் ஓயாத பிரச்சினை. வலைக்கணக்குக்காரர்கள் கையும் பணமுமாகப் பிடிபட்டால் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. இரகசியத்துக்கு இந்தக் காரணமே போதும். உலகத்தைக் காப்பாற்றுவது, மக்கள் பீதியடைவார்கள் என்பது போன்ற பெரிய காரணங்களைக் கொண்டுவர வேண்டாம்.

பதவிப் பெயர்கள் என்ன?

ஏஜெண்ட், டைரக்டர், கமாண்டர் யாரும் கிடையாது. கரையில் ஏற்கெனவே இருக்கும் வேலைகள்தான் பதவிகள். பணம் போடுகிறவர் சம்மாட்டி. அறுந்த வலையையும் அடிபட்ட படகையும் பார்த்து, எது பட்டதால் வந்த சேதம் என்று சொல்கிறவர் ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர். மரம் பிளந்த விதத்தை வைத்து அவர் சொல்வது கணக்கரின் எழுத்தைவிடப் பெரிய சாட்சி. கணக்கர் எழுதுவார், அவ்வளவுதான். அவருக்கு அதிகாரம் குறைவு.

கடற்பாசி எடுக்கும் பெண்கள்தான் அமைப்பின் கண்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூச்சடக்கி முங்கி எழுகிறவர்கள் அவர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆன பிறகு, தலைமுறையாகப் போய்வந்த இடத்துக்கே பயந்து பயந்து போகும் நிலை அவர்களுக்கு வந்தது. மேலே படகில் இருக்கிறவருக்கு வலையின் கனம்தான் தெரியும். தரையில் என்ன மாறியிருக்கிறது என்பதைக் கையால் தடவிப் பார்த்தவர்கள் இவர்கள்தான். தொகுதியின் மிக நல்ல இரண்டு கதைகளும் பாசிக்காரப் பெண்களின் வாயால் சொல்லப்பட்டவை என்பது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

கதைகளில் வரும் ஆவணங்களை எப்படி எழுதுவது?

வலை ஈட்டு மனு என்ற ஒரே வகை ஆவணம்தான். அமைப்புக்கு அந்தப் பொருளைப் பற்றி அக்கறை குறைவு, வலையைப் பற்றித்தான் அக்கறை அதிகம். எனவே விநோதம் ஓரமாகத்தான் வர வேண்டும். ஒரு மாதிரி (வடகடல் என்பது பாக் விரிகுடா, துண்டு என்பது வலையின் ஒரு பகுதி, பாகம் ஆழ அளவு, நீவாடு நீரோட்டம்):

*வடகடல். ஐப்பசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள். வத்தை ஒன்று, ஆள் மூன்று. திருக்கை வலை, பன்னிரண்டு துண்டு. மூன்று பாகத் தண்ணீர், கடற்புல் தரை. காற்று வாடை, லேசு. நீவாடு இல்லை. வலையில் பட்டது பெயர் சொல்லிக் கூப்பிட்டது. யார் பெயர் என்று சுக்கான் பிடித்தவர் சொல்லவில்லை. மற்ற இருவரும் தங்கள் பெயர் இல்லை என்றார்கள். அறுத்தது ஏழு துண்டு. ஈடு கேட்டது ஏழு துண்டுக்கு. கொடுத்தது ஐந்து துண்டுக்கு. அறுக்கச் சுணங்கியதால் போன இரண்டு துண்டு சுக்கான் பிடித்தவர் பொறுப்பு.*

பொருள் எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? அவர் ஏன் சுணங்கினார் என்பதுதான் கதை. கணக்கருக்கு அது புரிந்தும் இரண்டு துண்டைக் கழித்துவிட்டார். அந்தக் கழிவில் அமைப்பின் குணம் முழுவதும் தெரிகிறது. மை பூசி மறைத்த வரிகளால் இந்தப் பயத்தைக் கொண்டுவர முடியாது என்பது எங்கள் கருத்து.

தொகை எவ்வளவு என்று ரூபாயில் எழுத வேண்டாம், துண்டுக் கணக்கில் எழுதுங்கள். விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும், கதைகளுக்குள் முரண்பாடு வந்துவிடும்.

வட்டார வழக்கு எந்த அளவுக்கு வேண்டும்?

வேலைக்குத் தேவைப்படும் அளவுக்கு. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு இருக்கும் பெயர்களும், நீரோட்டத்துக்குச் சொல்லும் நீவாடும், ஆழத்தை அளக்கும் பாகமும் இல்லாமல் இங்கே கடல் கதை எழுத முடியாது. காரணம், காற்றை வைத்துத்தான் யார் எந்தக் கடலுக்குப் போவது என்பதே முடிவாகும். வாடைக்காற்றுக் காலத்தில் வடக்கே பாக் விரிகுடா கொந்தளிக்கும். கச்சான் காலத்தில் தெற்கே மன்னார் வளைகுடா சும்மா இருக்காது. ஒரு பக்கம் தொழில் செய்கிற படகுகள் பருவம் பார்த்து மறுபக்கம் போவதும் உண்டு. இதை வைத்து அமைப்பையும் வடகடல் கணக்கு, தென்கடல் கணக்கு என்று இரண்டாகப் பிரித்திருக்கிறோம். வடகடல் ஆழம் குறைந்தது, சேறும் கடற்புல்லும் நிறைந்தது. அங்கே வலையில் படுகிறவை மெதுவானவை, பேசுகிறவை. தென்கடலில் பவளப்பாறை, தெளிந்த தண்ணீர். அங்கே படுகிறவை கண்ணுக்குத் தெரிகிறவை. இந்த வித்தியாசத்தை மட்டும் காப்பாற்றுங்கள்.

பேச்சில் மட்டும் வழக்கு இருக்கட்டும், விவரிப்பு உங்கள் தமிழிலேயே இருக்கலாம். வயதில் மூத்த சம்மாட்டியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊரையும் சமூகத்தையும் பொறுத்து அண்ணே, மாமா, சித்தப்பா என்று வரும். அது தவறினால் கதை உடனே அந்நியமாகிவிடும்.

அமைப்பு எந்த மதத்தைச் சார்ந்தது?

எதையும் சார்ந்ததல்ல, எதுவும் இல்லாததும் அல்ல. இராமேஸ்வரம் கோயில், தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கர்கள், ஏர்வாடி தர்கா, கீழக்கரை மரைக்காயர்கள் எல்லோரும் இருக்கும் கரை இது. ஒரே படகில் நேர்த்திக்கடன் மூன்று திசையில் போவதுண்டு. அதனால் ஒரு மதத்துச் சடங்கு மட்டும் ‘உண்மையில் வேலை செய்கிறது’ என்று காட்டும் கதைகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

பழைய தென்கடல் ஏடுகள் அரபுத்தமிழில் இருக்கின்றன, அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் நூல்களே அப்படி எழுதப்பட்டன. அதை இரகசியக் குறியீடாகக் காட்ட வேண்டாம். முதல் கணக்கருக்கு எழுதப் பழகிய எழுத்து அது, அவ்வளவே. இன்றைய கணக்கர் அதைப் படிக்க ஒரு வயதான ஆலிமிடம் போக வேண்டியிருக்கிறது என்பது நல்ல கதைக்களம்.

இலங்கை, கடற்படை, கச்சத்தீவு?

மீனவர்கள் கைதாவதும் படகுகள் பறிபோவதும் அன்றாடம் நடக்கிற துயரம். அதைக் கற்பனைப் பொருளுக்கான திரையாக ஆக்க வேண்டாம். ‘உண்மையில் அந்தப் படகு பிடிபட்டது வேறு காரணத்துக்காக’ என்று ஒரு வரி எழுதினால், சிறையில் இருக்கும் ஒருவரின் வீட்டார் அதை எப்படிப் படிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அக்கரையில் இதேபோல ஒரு கணக்கு இருந்தது என்று மட்டும் வைத்திருக்கிறோம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போன காலத்தில் ஏடுகள் இரு பக்கமும் போய்வந்தன. புயலுக்குப் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து போன கப்பலும் 1980-களில் நின்றது. அதன் பிறகு அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போகும் பக்தர்களில் இருவர் சந்தித்துக்கொண்டால்தான் உண்டு.

அமைப்பு தவறு செய்யுமா?

செய்யும், செய்ய வேண்டும். மறுக்கப்பட்ட மனுக்களில்தான் ஒரு அமைப்பு எப்படிப்பட்டது என்று தெரியும்.

கரையின் உண்மையான சண்டை ஒன்று இங்கே உதவும். விசைப்படகின் இழுவலை போகிற வழியில் நாட்டுப்படகுக்காரர் விரித்த வலை அறுபட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது. ஈடு கேட்டால் கிடைக்காது. அப்படி வலையை இழந்தவர் வலைக்கணக்கிடம் வந்து, ‘என்னவோ பட்டுச்சு, அறுத்து விட்டேன்’ என்று சொன்னால்? ஓடாவிக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், கத்தியால் அறுத்த நூலும் இழுபட்டு அறுந்த நூலும் ஒன்றல்ல. அவர் உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் கடனில் போகும். பொய் சொன்னால் அடுத்த வாரம் இன்னும் பத்துப் பேர் வருவார்கள், தொகை காலியாகும், அப்புறம் உண்மையாகவே ஒன்று பட்டவர் வலையை அறுக்க மாட்டார். தொகுதியில் இதை இரண்டு பேர் இரண்டு விதமாக முடித்திருக்கிறார்கள், இரண்டும் ஏற்கப்பட்டவை.

ஒருவர் எழுதியதற்கு மாறாக இன்னொருவர் எழுதலாமா?

எழுதலாம். ஒரே இரவில் ஒரே இடத்தில் நின்ற இரண்டு வத்தைகள் இரண்டு விதமாக மனு கொடுத்தால் கணக்கர் இரண்டையும் எழுதி வைப்பார், எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டார். மாற்றக் கூடாதவை மூன்றுதான்: அமைப்பு எதையும் பிடித்து வைக்காது, ஈடு கொடுக்காமல் யாரையும் அறுக்கச் சொல்லாது, 1964 புயலுக்குப் புதுக் காரணம் கிடையாது. இன்னொருவர் உருவாக்கிய ஆளைக் கொல்ல வேண்டுமானால் மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சின்னம், கொடி, சீருடை?

இல்லை. ஏட்டின் அட்டைகூடச் சாதாரணக் கணக்கு நோட்டுதான்.

எதிரி அமைப்பு ஒன்று வேண்டாமா?

இப்போதைக்கு வேண்டாம். எதிரி வந்தால் எல்லாக் கதையும் துரத்தலும் சண்டையுமாகப் போய், வலையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். கடனும் காற்றும் போதுமான எதிரிகள்.

நான் கடலோரத்தில் வளர்ந்தவன் இல்லை. எழுதலாமா?

தாராளமாக. இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி கண்மாயும் பனையும் சீமைக் கருவேலமும் முண்டு மிளகாய்க் களமும்தான். கரையில் தொகை தீர்ந்துபோன ஆண்டுகளில் வலைக்கணக்குக்குக் கடன் கொடுத்தவர் கரையிலிருந்து தள்ளியிருக்கும் ஊரின் ஒரு மிளகாய் வியாபாரி என்று ஒரு கதையில் வருகிறது. அவர் ஏன் கொடுத்தார், பதிலுக்கு என்ன கேட்டார் என்று இதுவரை யாரும் எழுதவில்லை. கடலைப் பற்றி எழுதினால், வெளியிடுவதற்கு முன் கரையில் தொழில் செய்கிற ஒருவர் படித்துப் பார்ப்பார். எங்களில் அப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். வலை வகை, தண்ணீர் ஆழம், காற்று, மாதம் நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்பதை அவர்கள் பார்ப்பார்கள்; கதையின் போக்கில் கைவைக்க மாட்டார்கள்.

முதல் கதையாக எதை எழுதுவது நல்லது?

ஒரே ஒரு மனு எழுதுங்கள். பத்து வரி போதும். யாருடைய வலை, எத்தனை துண்டு போயிற்று, எத்தனை துண்டுக்கு ஈடு கிடைத்தது, ஏன் குறைந்தது. அதை எழுதி முடித்ததும், மனு கொடுத்தவர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார் என்று உங்களுக்கே கேட்கத் தோன்றினால் அதை இரண்டாவது கதையாக எழுதுங்கள். தோன்றவில்லை என்றால் மனுவை மட்டும் அனுப்புங்கள், வேறு யாராவது அதை எடுத்துக்கொள்வார்கள்.